ஈற்றுப்பையின் உணவு வழி: புரதம் சிதைக்கும் நொதிகளும் பற்சுற்று நோயும்

பற்சுற்று நோய் முற்றி ஈறு இறங்கிய வாயைப் பார்ப்பவர், கிருமி ஈற்றைத் தின்றுவிட்டது என்றே எண்ணுவர். அந்த எண்ணம் பாதிதான் சரி. கிருமியின் நொதிகள் முதலில் தேடுவது உணவை. ஈறும் எலும்பும் அழிவது பெரும்பாலும் அத்தேடலுக்கு உடல் ஆற்றும் எதிர்வினையால். இந்த வரிசையை ஏற்றால், தாம்பரம் வட்டாரப் பல் மருத்துவமனைகளில் ஈற்றுக் கசிவைப் பார்க்கும் பார்வையும் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பற்சொத்தைக் கிருமிகள் சர்க்கரையால் வாழ்பவை. ஈறுநோயின் முதன்மைக் கிருமியான போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் சர்க்கரையை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கு வேண்டியவை புரதத் துணுக்குகள். அவற்றை வெட்டித் தருபவை ஜிஞ்சிபெய்ன் என்னும் மூன்று நொதிகள். இரண்டு ஆர்ஜினினை அடுத்தும், ஒன்று லைசினை அடுத்தும் புரதச் சங்கிலியைத் துண்டிக்கும். இக்கிருமியின் புரதச் சிதைப்புத் திறனில் சுமார் 85 விழுக்காடு இவற்றுடையது. வளர்ச்சிக்குத் தேவையான ஹீமை இக்கிருமியால் முழுமையாக ஆக்கிக்கொள்ள முடியாது. ஹீமோகுளோபினை உடைத்தே பெறுகிறது. இரத்தம் கலந்த அகார்த் தட்டில் சில நாள் வளர்ந்ததும் அதன் திட்டுகள் கருக்கும். அந்தக் கருமை, செல்லின் புறத்தே சேர்ந்த ஹீம்.

இந்த உணவு வரத்து தற்செயலானதன்று. ஜிஞ்சிபெய்ன்கள் கல்லிக்ரைன் அமைப்பைத் தூண்டிப் பிராடிகைனினை வெளிப்படுத்துகின்றன. இரத்தக் குழாய்கள் கசிந்து, புரதம் செறிந்த நீர் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலான ஈற்றுப்பைக்குள் இறங்குகிறது. நோயெதிர்ப்பு அமைப்பின் சி5 புரதத்தை வெட்டி வெண்ணணுக்களை வரவழைப்பவையும் இந்த நொதிகளே. சி3 புரதத்தையும் எதிர்ப்பொருள்களையும் சிதைத்து அவ்வணுக்களின் கையைக் கட்டிப்போடுபவையும் இவையே. அழற்சி நீடிக்கிறது, கிருமியோ பிழைக்கிறது. செல்லுக்கு வெளியே வெட்டப்பட்ட துணுக்குகள் அண்டைக் கிருமிகளுக்கும் போய்ச் சேர்கின்றன. 2011இல் ஹாஜிஷெங்காலிஸ் குழு எலிகளில் காட்டியதும் இதற்கு இசைவானது: மிகச் சொற்ப அளவில் இருந்த இக்கிருமியே வாயின் கிருமிக் கூட்டத்தை மாற்றி எலும்பைக் கரைத்தது. வேறு கிருமியே இல்லாத எலிகளிடம் அதனால் தனியாக எலும்பைக் கரைக்க இயலவில்லை.

ஈற்றின் கட்டுமானமான கொலாஜனும் புரதம்தானே, அதை நொதிகள் நேரடியாக அழிக்கலாமே என்ற மறுப்பு எழலாம். குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியின் தோல் பதனிடும் தொழில் இதற்கு விடை தரும். பதனிடுமுன் தோலைப் புரத நொதியில் ஊற வைப்பார்கள். 1908இல் ஓட்டோ ரோம் கணைய நொதியைப் புகுத்தும் முன்பு விலங்கு, பறவை எச்சமே இதற்குப் பயன்பட்டது. தோல் மென்மையாகும், ஆனால் கரையாது. மற்றப் புரதங்கள் போய்விட, முப்புரியான கொலாஜன் நிற்கும். ஈற்றிலும் பெருமளவு கொலாஜனை அறுப்பவை வெண்ணணுக்களும் திசுச் செல்களும் சுரக்கும் எம்எம்பி நொதிகளே. கிருமி நொதிகள் அவற்றைத் தூண்டிவிடுகின்றன.

பள்ளிக்கரணை, இரத்தினமங்கலம், காட்டாங்குளத்தூர் எனத் தென்புறநகரில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றின் புறநோயாளிப் பிரிவுகளுக்கு இந்த வாதத்தால் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, பானா சோதனை. பற்படலத்தை வினைப்பட்டையில் தடவிச் சூடேற்றினால், ஆர்ஜினினை அடுத்து வெட்டும் நொதி இருக்கும்போது நீலம் தெரியும். போர்பைரோமோனாஸ், டிரெபோனிமா, டேனரெல்லா என்னும் மூன்றில் எது என்று அது பிரித்துச் சொல்லாது. கிருமியின் பெயரைவிட நொதியின் செயலே முக்கியம் என்றால் அது பெருங்குறையாகாது. மற்றொன்று இரத்தக் கசிவு. கருவியால் தொட்டும் இரத்தம் வராத ஈறு பெரும்பாலும் நிலையாக இருக்கும். புகைப்பவரிடம் மட்டும் இதை நம்பக் கூடாது. புகையிலை கசிவை மறைத்துவிடும்.

“தேய்த்தால் ரத்தம் வருது, அதனால் அந்தப் பக்கம் தேய்க்கிறதில்லை” என்பது பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு. தேய்க்காத பக்கத்தில் படலம் தடிக்க, கசிவு கூட, கிருமிக்கு உணவு ஓயாமல் கிடைக்கிறது. இரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையாக, தவறாமல் துலக்க வேண்டும் என்பதை நோயாளிக்கு விளக்குவதும், காரையை அகற்றிக் கசிவு நின்றதா என்று மறுவருகையில் பார்ப்பதும் சிகிச்சையின் மையம். கிருமியை மருந்தால் கொல்வதோடு நின்றுவிட்டால், கசியும் பை அடுத்த கூட்டத்தை வளர்க்கும்.