கடற்கரையில் ஒரு பட்டறை

இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்கென, 1930-களின் பிற்பகுதியில், ஜைனுலாப்தீன் மரைக்காயர் உறவினர் அகமது ஜலாலுதீனின் துணையோடு கடற்கரையிலேயே மரப்படகொன்றைக் கட்ட முற்பட்டதை, பிற்காலத்தில் ராஷ்டிரபதியான அவருடைய புதல்வர் அப்துல் கலாம் தம் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். அப்போது கலாமுக்கு ஆறு வயதிருக்கும். (ஜலாலுதீன் பின்னர் அந்த வீட்டுக்கே மருமகனானார்.)

அங்கே மரத்தை விறகுத் தீயின் வெப்பத்தில் பதப்படுத்தினார்கள் என்ற செய்தியே என்னை வெகுவாகக் கவர்ந்தது. ஈரம் தங்கிய பலகையை அப்படியே பொருத்திவிட்டால், அது பின்னர் உலர்ந்து சுருங்குகையில் இணைப்பு வாய் பிளந்து நீர் உட்புகும் என்பதைப் படகு கட்டும் ஓடாவிகள் பரம்பரை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இன்று வீட்டு மூலையில் சி.என்.சி. ரூட்டரொன்றைத் தாமே பூட்டி, மூன்று அச்சுகளிலும் வெட்டுமுனையை ஓட்டுகிறவர் வளைவின் அளவைக் கணினிக்கு எழுதிக்கொடுக்கிறார்; ஓடாவியோ வாச்சியின் ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணையே அளவுகோலாகக் கொண்டார். ஆயினும், மரத்தின் ஈரத்தைக் கவனியாதவரை இயந்திரமும் மன்னிப்பதில்லை.

படகு முடிந்து வியாபாரம் செழித்திருந்த காலத்தில், மணிக்கு நூறு மைல் வேகத்தை மிஞ்சிய புயலொன்று அதைக் கரை நிலத்தின் ஒரு பகுதியோடு சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று.