“மார்க்ஸ் எத்தனை?” – ஒரு கேள்வியின் சரித்திரம்

ஜூலை மாதத் தொடக்கத்தில் ‘பாக்’ பரீட்சை முடிவுகள் வரும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரம் எப்படிப்பட்டது என்று நம் சபை வாலிபருக்கு விளக்கத் தேவையில்லை. “பாஸ்” என்று சொன்னால் கேள்வி முடியாது. “மொன்சியோன் என்ன? திரே பியேனோ, வெறும் பியேனோ?” என்று அடுத்தது வரும். மறுநாள் லாச்சப்பலில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும் அதே கேள்விதான். படிப்பு மட்டுமா? சாமத்தியச் சடங்குக்கு எந்த மண்டபம், எத்தனை பேர் வந்தார்கள், யார் எந்த ஊரில் வீடு வாங்கினார்கள் என்று கணக்கு நீளும்.

நம்முடைய பிரெஞ்சு நண்பர்கள் கேட்பார்கள், உங்கள் ஆட்கள் ஏன் இப்படி ஒருவரையொருவர் பார்த்து ஓடுகிறார்கள் என்று. பெரியவர்களிடம் கேட்டால், “அது எங்கட சனத்தின்ர இரத்தத்தில ஊறினது தம்பி” என்கிறார்கள். எங்களுக்கு இந்தப் பதில் போதவில்லை. ஆகவே சரித்திரத்தைப் புரட்டினோம். நம்மில் அநேகர் யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழையையும் கிணற்றையும் நம்பிய சிறு சிறு காணிகள். புகையிலைத் தோட்டம், பனை, கொஞ்சம் வயல். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிவு செய்த தேசவழமையைப் பார்த்தால், மகளுக்குச் சீதனம் கொடுப்பது அன்றே எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பது தெரியும். காணி தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகும். வேலி ஒரு முழம் நகர்ந்தாலும் வழக்கு. அடுத்த வீட்டுக்காரன் எவ்வளவு வைத்திருக்கிறான் என்பது அங்கே வம்பு மட்டுமல்ல, மகளுக்கு எப்படி மாப்பிள்ளை எடுக்கலாம் என்ற கணக்கும்தான்.

இந்த மண்ணுக்கு 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. பெண்ணைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கியபோது, படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. ஊரின் கணக்கு மிஷனுக்கும் புரிந்துவிட்டது போலும்! வட்டுக்கோட்டையில் ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழ் இலக்கணம் எல்லாம் கற்பித்தார்கள். போதகர்களும் உபதேசிமாரும் உருவாவார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. பிள்ளைகளை அனுப்பியவர்களின் நம்பிக்கையோ வேறு: ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் அதிகாரிகள் இதைக் கண்டு வருந்தினார்கள். சுவிசேஷத்துக்காகத் திறந்த கதவு உத்தியோகத்துக்கான கதவாகிவிட்டது என்று அந்த வருஷமே செமினரியை மூடினார்கள். ஆனால் விதை விழுந்துவிட்டது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் பி.ஏ. பட்டம் பெற்ற சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

போட்டி அதற்குள் பாடசாலைகளுக்கு இடையிலும் வந்துவிட்டது. வெஸ்லியன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். பக்கத்து ஊரில் மிஷன் பாடசாலை இருந்தால் நமக்கும் ஒன்று வேண்டும் என்று சைவர்கள் கட்டினார்கள். அமெரிக்க மிஷன், அங்கிலிக்கன், மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகள் தங்களுக்குள்ளும் போட்டியிட்டன. இதனால் சிறு குடாநாடு முழுவதும் பாடசாலைகளால் நிறைந்தது. அது நல்ல பலன்தான், மறுக்க முடியாது. ஆனால் எல்லாரையும் ஓட விட்டார்களா? 1930ஆம் ஆண்டளவில், சாதி பாராமல் பிள்ளைகளைச் சமமாக உட்கார வைத்ததற்காகச் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. முந்துவதைப் போலவே, பின்னால் இருப்பவனை முந்தவிடாமல் தடுப்பதும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. பெரியவர்கள் அதைக் கதையில் சேர்ப்பதில்லை.

படித்தவர் தொகை பெருகியது, யாழ்ப்பாணத்தில் வேலை பெருகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கொழும்புக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளறிக்கல் வேலை, ரயில்வே வேலை என்று போனார்கள். மலாயாவிலிருந்து வந்த பணத்தில் கல்வீடு எழும்பியது. பென்ஷன் உள்ள உத்தியோக மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. அண்ணனின் பரீட்சை முடிவில் தங்கையின் கல்யாணம் தொங்கியது. தங்கையின் கல்யாணத்தில் தகப்பனின் கடன் தொங்கியது. எங்கள் எண்ணத்தில் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சோறு, மரியாதை, சம்பந்தம் மூன்றும் ஒரே ஆணியில் மாட்டப்பட்டால், அந்த ஆணிக்காக அடிபடுவார்கள்.

அந்த ஆணியும் பிறகு ஆட்டம் கண்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தின் கதவு ஒடுங்கியது. மிஞ்சியவை மருத்துவமும் பொறியியலும். 1971 பல்கலைக்கழக அனுமதியில், 400 புள்ளிகளுக்கு மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அது மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் மட்டும் ஒரு புள்ளி, அரைப் புள்ளி வாழ்வா சாவா என்றானது. ரியூஷன் கொட்டில்கள் நிரம்பின. நம் பெற்றோரில் பலர் அந்தக் கொட்டில்களின் வாங்கில் இருந்தவர்கள்.

இது தமிழரின் இரத்தம் அல்ல என்பதற்கு நல்ல சாட்சி நாம் வாழும் இந்த நாடே. தரப்படுத்தல் வந்த அதே 1971இல் பிரான்ஸ் மருத்துவப் படிப்புக்கு இடங்களை எண்ணி அடைத்தது. ‘நுமெருஸ் குளோசுஸ்’ என்று அதற்குப் பெயர். 1993இல் நாடு முழுவதற்கும் 3,500 இடங்கள்தான். பிரெஞ்சுப் பிள்ளைகள் முதலாம் வருஷத்தில் நண்பனுக்குக் குறிப்புக் கொப்பி கொடுக்கக்கூடத் தயங்கினார்கள் என்று அக்காலத்தில் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1794இல் தொடங்கிய எக்கோல் பொலித்தெக்னிக்கின் நுழைவுப் பரீட்சைக்கு இன்றும் இரண்டு வருஷம் இரவுபகலாகப் படிக்கிறார்கள். அங்கே துப்பொனும் மார்த்தனும் நம் மாமாமாரைப் போலத்தான் மார்க்ஸ் கேட்பார்கள். சீனாவில் நூற்றாண்டுக் கணக்காக ஒரே அரசப் பரீட்சை உத்தியோகத்துக்கு வழியாக இருந்து, 1905இல்தான் நிறுத்தப்பட்டது. கொரியாவில் இன்றும் பல்கலைக்கழகப் பரீட்சையின் ஆங்கிலம் கேட்டறியும் நேரத்தில் விமானங்கள் இறங்குவதில்லை. ஜெர்மனியிலோ தொழில் பழகி முன்னேற மதிப்பான வழி தனியாக இருக்கிறது. ஒரே வாசலில் எல்லாரும் நெரிபடவேண்டியதில்லை.

அப்படியானால் பல வாசல் உள்ள பாரிஸுக்கு வந்த பிறகும் நமக்கு ஏன் குறையவில்லை? 1983க்குப் பிறகு அகதியாக வந்தவர்களின் ஏ.எல். சான்றிதழை இங்கே யாரும் பார்க்கவில்லை. விஞ்ஞானம் படித்தவர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். தான் ஓடி முடிக்காத ஓட்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். இன்னொன்று, நாம் சார்செல், பொன்டி, லா கூர்னேவ் என்று சிதறி வாழ்ந்தாலும், போபூர் சென்தனி தெருவிலும் காய் தெருவிலும் வாரந்தோறும் சந்திக்கிறோம். நாலு தெருவுக்குள் ஒரு குடாநாடு. அடுத்த கதவில் வாழும் பிரெஞ்சுக் குடும்பத்தின் பிள்ளை என்ன எடுத்தது என்று நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்பது ஊரவரின் பிள்ளையைப் பற்றித்தான்.

சென்ற வருஷம் நம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, மின்சார வேலைக்கு ‘பாக் ப்ரோ’ செய்கிறான் என்பதை அவனுடைய அப்பா குரலைத் தாழ்த்தியே சொன்னார். இந்த வருஷம் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. தேநீர் நேரத்தில் ஒரு மாமா அவனை மறித்தார். “தம்பி, எங்கட வீட்டில ஹீட்டர் வேலை செய்யுதில்ல, சனிக்கிழமை ஒருக்கா வருவியோ?” என்றார். அவன் சம்மதித்தான். திரும்பிப் போகும்போது மாமா மெல்லக் கேட்டார்: “சம்பளம் எவ்வளவு தாறாங்கள்?”