நியூடவுனும் நார்த் மயாமியும்: ஒரே தவறு, இரு திசைகளில்

2012 டிசம்பர் 14 காலை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற சிற்றூரில், 20 வயது இளைஞன் ஒருவன் வீட்டில் தன் தாயைச் சுட்டுக் கொன்றான். பிறகு காரை எடுத்துக்கொண்டு சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குப் போனான். ஐந்து நிமிடத்துக்குள் அவன் ரைஃபிளிலிருந்து 154 குண்டுகள் பாய்ந்தன. ஆறும் ஏழும் வயதான 20 குழந்தைகளும் பள்ளியில் வேலை பார்த்த ஆறு பெண்களும் இறந்தார்கள். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

2016 ஜூலை 18 மாலை, அதே நாட்டின் தென்கோடியில் நார்த் மயாமியில், ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தான் தங்கியிருந்த பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியே வந்துவிட்டவர். கையில் வெள்ளி நிறத்தில் ஒரு பொம்மை லாரி. யாரோ ஒருவர் துப்பாக்கியோடு தற்கொலை செய்துகொள்ளப் பார்க்கிறார் என்று போலீஸுக்குத் தகவல் போயிருந்தது. ஆயுதங்களோடு வந்து இறங்கினார்கள். இளைஞரை அழைத்துப் போக வந்திருந்த பராமரிப்பாளர் சார்ல்ஸ் கின்சி, மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அது பொம்மை லாரி, துப்பாக்கி எதுவும் இல்லை, சுட வேண்டியதில்லை என்று உரக்கச் சொன்னார். சுமார் 150 அடி தூரத்திலிருந்து ஒரு காவலர் மூன்று முறை சுட்டார். ஒரு குண்டு கின்சியின் காலில் பாய்ந்தது.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒன்று பெரும் படுகொலை. மற்றொன்றில் யாரும் சாகவில்லை. சேதத்தை அளந்து பார்ப்பதற்காக நான் இவற்றைச் சேர்த்து வைக்கவில்லை. முதல் நிகழ்ச்சியில் உலகம் ஒரு கொலையைப் பார்த்துவிட்டு, பின்னோக்கி நடந்து ஆட்டிசத்தில் போய் நின்றது. இரண்டாவதில் ஆட்டிசம் உள்ள ஒரு மனிதரின் உட்காரும் விதத்தையும் அசைவையும் பார்த்துவிட்டு, முன்னோக்கி ஓடி ஒரு குற்றத்தில் போய் நின்றது. தவறு ஒன்றுதான். அது எந்தப் பக்கமிருந்து நடந்தாலும், அடி விழுவது ஆட்டிசம் உள்ளவர்கள் மேல்தான்.

முதலில் நியூடவுன். அன்று மதியம் செய்திச் சானல்களில் கொலையாளியின் பெயரையே மாற்றிச் சொன்னார்கள். வேறு ஊரில் தன் பாட்டுக்கு வேலையில் இருந்த அண்ணனின் பெயரும் படமும் உலகமெங்கும் ஓடின. சில மணி நேரத்தில் அதைத் திருத்திவிட்டார்கள். ஆனால் அதே நாளில் கிளம்பிய இன்னொரு செய்தியைத் திருத்த யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. கொலையாளிக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ‘ஆஸ்பெர்கர்’ இருந்ததாம் என்ற செய்தி அது. அவனுக்கு அந்த நிலை இருப்பதாகப் பதின்ம வயதில் மருத்துவர் கண்டறிந்தது உண்மை. அது கொலைக்குக் காரணம் என்பதற்கு அன்று எவரிடமும் ஒரு துண்டுச் சான்றுகூட இல்லை. அதற்கு ஐந்து மாதம் முன்பு கொலராடோவின் ஆரோரா திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், ஒரு பெரிய தொலைக்காட்சித் தொகுப்பாளர் இப்படிப்பட்டவர்கள் ஆட்டிச வரிசையில் எங்கோ இருப்பார்கள் என்று காலை நிகழ்ச்சியில் ஊகித்துச் சொல்லியிருந்தார். எதிர்ப்பு வந்ததும் தன் சொல்லுக்கு விளக்கம் கொடுத்தார். நியூடவுன் செய்தி வந்தபோது மக்கள் மனத்தில் அந்த இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

கனெக்டிகட் மாநிலத்தின் குழந்தைகள் நல ஆணையம் இந்தக் கொலையாளியின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து ஆராய்ந்து 2014 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஆட்டிசமோ மற்ற மனநலப் பிரச்சினைகளோ இந்தக் கொலைகளுக்குக் காரணம் ஆகவும் இல்லை, அவற்றுக்கு இட்டுச் செல்லவும் இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு இருந்த கடும் பதற்றம், உடலை உருக்கிய உணவு மறுப்பு ஆகியவற்றை அறிக்கை விரிவாகச் சொல்கிறது. சிறப்புக் கல்வியும் சிகிச்சையும் அவசரமாகத் தேவை என்று 2006இல் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மையம் சொல்லியிருந்தது. அந்தப் பரிந்துரைகளில் பெரும்பாலானவை கிடப்பில் போயின. கடைசிக் காலத்தில் அவன் தன் அறை ஜன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டு, ஒரே வீட்டில் இருந்த தாயோடு மின்னஞ்சலில் பேசினான். பழைய கூட்டுக் கொலைகளைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டு வைத்திருந்தான். அதே வீட்டில் தாய் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிகள் இருந்தன. சிகிச்சை இல்லாத நோய், தனிமை, வன்முறை மேல் கொண்ட வெறி, கைக்கெட்டிய ஆயுதம் எல்லாம் சேர்ந்த கதை இது. இவ்வளவையும் தள்ளிவிட்டு ‘ஆஸ்பெர்கர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அது நியாயம் செய்யவில்லை.

எண்களையும் பார்த்துவிடலாம். ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் 2,95,734 இளைஞர்களின் பதிவேடுகளை 15 வயது முதல் 27 வயது வரை தொடர்ந்து பார்த்து, 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 5,739 பேருக்கு ஆட்டிசம். மேலோட்டமாகக் கணக்கிட்டபோது, வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெறும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட 1.39 மடங்கு என்று வந்தது. இந்த இடத்தில் நிறுத்தினால் பரபரப்பான தலைப்புச் செய்தி கிடைத்துவிடும். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. ஆட்டிசத்தோடு சிலருக்குச் சேர்ந்து வரும் ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாட்டு நிலையையும் நடத்தைக் கோளாறையும் கணக்கில் எடுத்தபோது, அந்த 1.39 என்பது 0.85 ஆகக் குறைந்தது. மற்றவர்களைவிடக் குறைவு. ஆணாக இருப்பது, பெற்றோரின் குற்றப் பின்னணி, குடும்பத்தின் பொருளாதார நிலை என்று எல்லா இளைஞர்களையும் குற்றத்தின் பக்கம் தள்ளும் காரணங்களே இவர்களிலும் வேலை செய்தன. ஆட்டிசம் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதற்கும் சில அறிகுறிகள் கிடைத்தன. ஆட்டிசத்தின் மேலிருந்து பழியை எடுத்து ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் தலையில் வைக்க இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஒரு பங்கு சொல்லிலேயே இருக்கிறது. வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதிய கட்டுரையில், தான் கண்ட சிறுவர்களின் நிலைக்கு ‘ஆட்டிஸ்டிக் சைக்கோபதி’ என்று பெயர் வைத்தார். அன்றைய ஜெர்மன் மருத்துவ வழக்கில் அது ஆளுமையின் ஒரு வேறுபாட்டைக் குறித்தது. ஆங்கிலத்தில் ‘சைக்கோபதி’ ஈவிரக்கமற்ற தன்மையைக் குறிக்கும். இலண்டனில் லோர்னா விங் 1981இல் இந்த நிலையைப் பற்றி எழுதியபோது, அந்தச் சொல் மக்களைத் தவறான பக்கம் இழுக்கும் என்பதாலேயே அதை விட்டுவிட்டு ‘ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்’ என்று மாற்றினார். அவர் மகளுக்கும் ஆட்டிசம் இருந்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயரையும் நீக்கி, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. பெயர் போனது, பயம் போகவில்லை.

இன்னொரு பங்கு ‘இரக்கம்’ என்ற சொல்லைச் சுற்றி நடக்கும் குழப்பம். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை முகத்தைப் பார்த்துப் படிக்க ஆட்டிசம் உள்ள பலர் திணறுவார்கள். ஆனால் ஒருவருக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த வலி அவர்களைத் தொடும்; சிலரை அளவுக்கு மீறித் தொடும். ஈவிரக்கமற்ற குற்றவாளியிடம் இது தலைகீழ். அவனுக்கு அடுத்தவர் மனம் நன்றாகப் படிக்கத் தெரியும், அதனால்தான் ஏமாற்ற முடிகிறது. வலி மட்டும் அவனைத் தொடாது. நேரெதிரான இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டதுதான் பெரும் அநியாயம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயோ தந்தையோ இதைப் படித்தால், ‘என் பிள்ளை அடிக்கிறானே, கடிக்கிறானே’ என்று கேட்கலாம். உண்மைதான், அதை மறைத்துப் பேசினால் நாமும் பொய் சொல்கிறவர்கள் ஆவோம். மிக்சி சத்தம், திடீர் மின்வெட்டு, கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரமும் வெளிச்சமும் கூட்டமும் எல்லாம் ஒன்றாய் வந்து மோதும்போது, ‘மெல்ட்டவுன்’ எனும் கட்டுமீறிய கொந்தளிப்பு வரும். பிள்ளை காதைப் பொத்திக்கொள்வான், தலையைச் சுவரில் முட்டுவான், பிடிக்க வருகிற கையைக் கடிப்பான். பெரும்பாலும் அடிபடுவது அவன்தான். அடுத்தபடியாக, பக்கத்தில் நிற்கும் அம்மா. சத்தம் நின்ற பின் மெல்ல அடங்கும், சோர்ந்து தூங்கிப்போவான். இதை நியூடவுனில் மாதக்கணக்கில் பட்டியல் போட்டு, குண்டுகள் எடுத்துக்கொண்டு, காரோட்டிப் போய்ச் செய்த காரியத்தோடு வைத்துப் பாருங்கள். ஒன்றில் திட்டம் இல்லை, இலக்கு இல்லை, கொல்லும் எண்ணம் இல்லை. மற்றதில் இந்த மூன்றும் இருந்தன.

இனி நார்த் மயாமிக்கு வருவோம். அந்தத் தெருவில் என்ன தெரிந்தது? தரையில் உட்கார்ந்து, கட்டளைக்குக் கீழ்ப்படியாமல், கையிலுள்ள பொருளையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். ஆட்டிசம் தெரிந்தவர் கண்ணுக்கு, பயந்துபோய்த் தன் பிடித்தமான பொம்மையைப் பற்றிக்கொண்டிருப்பவர். தெரியாதவர் கண்ணுக்குத் துப்பாக்கி ஏந்தியவர். ஆட்டிசம் உள்ளவரிடம் நாலு பக்கமிருந்தும் கத்தினால் சொல் காதில் விழும், மனத்தில் ஏற நேரமாகும். அந்த நேரத்தைத்தான் போலீஸ் ‘கீழ்ப்படிய மறுத்தார்’ என்று எழுதிக்கொள்கிறது. அருகில் இருந்த இன்னொரு காவலர் அது பொம்மையாக இருக்கலாம் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார். தனக்கு அது கேட்கவில்லை என்றார் சுட்டவர். தான் குறிவைத்தது கின்சியை இல்லை, பக்கத்தில் இருந்தவரை என்றும் சொன்னார். அவரால் கின்சிக்கு ஆபத்து என்று தான் நினைத்ததாகச் சொல்வதுதான் சுட்டவர் தரப்பின் வாதம். எனக்கு இந்த வழக்கு முழுவதிலும் நெஞ்சில் நிற்பது இந்த வாதம்தான். பொம்மை லாரி வைத்திருந்தவரிடமிருந்து, தன்னையே பணயம் வைத்து அவரைக் காத்துக்கொண்டிருந்த மனிதரைக் காப்பாற்றச் சுட்டார்களாம். அடிபட்ட கின்சிக்குக் கைவிலங்கு மாட்டினார்கள். 2019இல் நடுவர் குழு அந்தக் காவலரை அலட்சியக் குற்றத்துக்கு மட்டும் பொறுப்பாக்கியது. சிறை இல்லை; நன்னடத்தைக் கண்காணிப்பும், காவல் பணி பற்றி 2,500 சொல்லில் ஒரு கட்டுரையும். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்தது.

இது அமெரிக்காவோடு முடிகிற கதையும் இல்லை. 2020 மே 30 அன்று, கிழக்கு ஜெருசலேமில் சிறப்புத் தேவையுடையோர் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த, ஆட்டிசம் உள்ள 32 வயதுப் பாலஸ்தீனரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பயந்து ஓடினார், கையில் ஆயுதம் இல்லை. சுட்ட காவலர் 2023இல் விடுதலையானார்.

நியூடவுன், நார்த் மயாமி இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. நியூடவுனில் ஆட்டிசம் பற்றித் தெரிந்தவர்கள் முதல் நாளே பேசினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் நடத்தும் அமைப்புகளும் அறிக்கை விட்டன. நார்த் மயாமியில் கின்சி தரையில் கிடந்தபடி உரக்கச் சொன்னார். இரண்டு இடத்திலும் விஷயம் தெரிந்தவர் சொன்னது காதில் ஏறவில்லை.

நம் செய்தித்தாள்களில் ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்ற ஒரே தொடருக்குள் எல்லாரையும் அடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மனநோயையும் தனித்தனியாகவே பட்டியலிடுகிறது. சட்டத்தில் உள்ள அந்தப் பிரிவு செய்தி எழுதுகிறவர் கையிலும் இருந்தால் போதும், பாதி வேலை முடியும். சந்தேகப்பட்டவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று யாராவது சொன்னால், அது குற்றத்தோடு சம்பந்தப்பட்டதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்; இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

நியூடவுனைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி. அன்று இறந்த 20 குழந்தைகளில் இருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஒருத்தி ஏழு வயதுச் சிறுமி, பேச்சு வராதவள். மற்றவன் ஆறு வயதுச் சிறுவன். சந்தோஷம் வந்தால் கைகளைப் படபடவென்று அடித்துக்கொள்வான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அம்மா கேட்டபோது, தான் ஓர் அழகான வண்ணத்துப்பூச்சி என்று சொன்னவன். அவனுக்குத் துணையாக இருந்த சிறப்புக் கல்வி உதவியாளர் அவனைக் கட்டியணைத்தபடி இறந்து கிடந்தார்.