இம்மி என்னும் எண்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளைத் திருத்திக் கொழுந்து பறித்தோருள் தமிழர் பலர். அவர்கள் கடல் கடந்து கொண்டுவந்த சொற்களுள் 'இம்மி'யும் ஒன்று. எடையைக் கொண்டு கூலி அளக்கப்படும் இடத்தில், 'இம்மியும் குறையக் கூடாது' என்பது பொருள் பொதிந்த கோரிக்கையாகும். இன்றோ அச்சொல்லுக்கு 'மிகச் சிறிது' என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். இம்மி ஒரு திட்டமான எண். ஒன்றை 1,075,200 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு.

இவ்வெண் எவ்வாறு அமைந்தது? தமிழ்க் கணக்கில் பின்னங்கள் இரு வழியில் இறங்குகின்றன. அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதி பாதியாகக் குறைந்து கால்வீசத்தில் 64இல் ஒன்றாவது ஒரு வழி. இருபதில் ஒன்றான மா மற்றொரு வழி. 64, 20 ஆகிய இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 320. முந்திரி என்பது 320இல் ஒன்றே. கால்வீசம் ஐந்து முந்திரி. மா பதினாறு முந்திரி. இரு வழிகளும் அங்கே கூடுகின்றன.

முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அது 102,400இல் ஒன்று. இவ்வெண்ணின் பகாக்காரணிகள் 2, 5 ஆகிய இரண்டு மட்டுமே. ஆதலால் மூவருக்கோ எழுவருக்கோ ஒன்றைச் சமமாகப் பங்கிட இது உதவாது. இம்மியோ கீழரைக்காணியில் 21இல் ஒரு பங்கு. 51,200ஐ 21ஆல் பெருக்க 1,075,200 கிடைக்கும். 21 என்பது மூன்றும் ஏழும் பெருகிய எண். அவ்விரு காரணிகளும் சேர்ந்ததால், 1 முதல் 10 வரையுள்ள எண்களில் ஒன்பது நீங்கலாக அனைத்தாலும் இது வகுபடுகிறது. 102,400க்கு 39 வகுத்திகள், இதற்கோ 144.

ஒரு கிலோ கொழுந்தை மூவர் பகிர்வதாகக் கொள்வோம். தசமத்தில் 0.333 என நீளும், முடிவு பெறாது. இம்மிக் கணக்கில் ஒருவர் பங்கு 358,400 இம்மி. எழுவர் எனின் 153,600. ஒருவருக்கும் மிகையில்லை, குறையில்லை. சாதாரணத் தராசு இத்துணை நுண்மையை நிறுத்துக் காட்டாது என்பது உண்மையே. ஆயினும் பங்கீட்டை ஏட்டில் பிழையின்றி எழுதிக் காட்ட அச்சொல்லால் இயன்றது.

ஒரு சொல் வழக்கில் நிலைத்திருக்க, அதன் பொருள் மட்டும் தேய்ந்து மறைவதுண்டு. அகராதிப் பக்கத்தில் அதனைக் காப்பது போதாது. மலைத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு வகுப்பில் ஒருநாள் 1,075,200ஐக் கரும்பலகையில் எழுதிக் காரணிப்படுத்தச் சொல்லலாம். பாட்டி வாயில் கேட்ட சொல்லுக்குள் இரண்டும் மூன்றும் ஐந்தும் ஏழும் இருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.