பிக்கப் வண்டிக்கு எந்த கியர் ஆயில்? '90 ஆயில்' என்று கேட்டால் மட்டும் போதுமா?

ஜூன் மாதம் சித்தூர் பக்கம் போனால், கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய பிக்கப் வண்டிகளைச் சாலையெங்கும் பார்க்கலாம். சீசனுக்கு முன் வண்டியை சர்வீஸுக்கு விட்டால், பல ஒர்க்‌ஷாப்களில் வரும் பதில் இதுதான்: "எல்லாத்துக்கும் 90 ஆயில் ஊத்திடலாம் சார்."

சில வண்டிகளுக்கு இது சரியாக இருக்கும். சிலவற்றில் கியர் பாக்ஸையே இறக்கும் செலவு வரும்.

எத்தனை இடங்களில் ஆயில் இருக்கிறது?

சாதாரண பிக்கப்பில் கியர் பாக்ஸ் ஒன்று, பின் அச்சில் டிஃபரன்ஷியல் ஒன்று. மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்வது இதைத்தான். 4×4 வண்டி என்றால் முன் அச்சிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். இன்ஜின் சக்தியை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸும் சேரும். அதாவது நான்கு இடங்கள். நான்குக்கும் ஒரே ஆயில் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

4×4 பிக்கப் இந்தப் பகுதிக்கு அந்நியமும் அல்ல. இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஆலையில்தான் தயாராகிறது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசிட்டி, 2022 ஏப்ரல் 4-ல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பிறகு திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஜிஎல்-4, ஜிஎல்-5: என்ன வித்தியாசம்?

டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிஃபரன்ஷியலில் கிரவுன் சக்கரமும் பினியனும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி சுழலும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம் கலக்கிறார்கள். ஜிஎல்-4-ல் இது குறைவு; ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'அப்போ அதிகம் இருக்கிறதையே எல்லா இடத்துலயும் ஊத்தலாமே?' என்று தோன்றும். மேனுவல் கியர் பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கலாம். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகம் பித்தளையை அரிக்கும். கியர் விழுவது கடினமாகும், சத்தம் வரும். மாறாக, ஜிஎல்-5 கேட்கும் டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 ஊற்றினால் பற்கள் தேயும்.

80டபிள்யூ-90: எண்கள் சொல்வது என்ன?

'டபிள்யூ' என்பது விண்டர். முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. 75டபிள்யூ ஆயிலை மைனஸ் 40 டிகிரியிலும் 80டபிள்யூ ஆயிலை மைனஸ் 26 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். திருப்பதியில் அந்தக் குளிருக்கு வாய்ப்பே இல்லை. எனவே மேனுவல் இரண்டையும் அனுமதித்தால், குளிரை நினைத்து 75டபிள்யூவுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். அது 100 டிகிரி சூட்டில் உள்ள பாகுத்தன்மையைக் குறிக்கிறது. கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலின் 90, ஏறக்குறைய இன்ஜின் ஆயிலின் 40 அல்லது 50 அளவுக்குத்தான் கெட்டி. பாரம் அதிகம் என்பதற்காக நீங்களாகவே 140-க்கு மாறாதீர்கள். மேனுவல் அனுமதித்தால் மட்டும் மாறலாம்.

டிரான்ஸ்பர் கேஸில் என்ன ஊற்றுவது?

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. சில நிறுவனங்கள் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான மெல்லிய ஏடிஎஃப் ஆயில் கேட்கும். சில ஜிஎல்-4 கேட்கும். சிலவற்றில் இன்ஜின் ஆயிலே போதும். ஏடிஎஃப்புக்காக வடிவமைத்த இடத்தில் 90 ஆயில் ஊற்றினால், உள்ளே இருக்கும் சிறிய வழிகளில் அது சரியாகப் போகாது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்கான சேர்மம் கலந்த ஆயில் வேண்டும்.

மலைப்பாதையில் ஓட்டுபவரா?

திருமலையிலிருந்து கியரில் இறங்கும்போது சக்கரங்கள்தான் பினியனைச் சுழற்றும். அப்போது பற்களின் மறுபக்கம் பாரம் தாங்கும், ஆயிலும் சூடாகும். பாரம், மலை, தூசி என ஓடும் வண்டிகளுக்குப் பல மேனுவல்களில் குறைந்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்லித் தனி அட்டவணை இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்று பாருங்கள். வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்றால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலைச் சோதியுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது

* மேனுவலில் ஆயில் பக்கத்தை போட்டோ எடுத்துக் கையில் வையுங்கள். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு ஆயில் மாறலாம்.
* வடிக்கும் முன், ஊற்றும் நட்டு திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு அது திறக்காவிட்டால் வண்டி நகராது.
* காந்த நட்டில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் பயமில்லை. உலோகத் துண்டு இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும்.
* பெரும்பாலான வண்டிகளில், சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வந்தால் அளவு சரி.
* டப்பாவை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பில்லில் 'கியர் ஆயில்' என்று மட்டும் போடாமல், ஜிஎல் எண்ணையும் கிரேடையும் எழுதி வாங்குங்கள்.