கடல் கடந்து மீள்வோரும் சுங்கத் துறையும்

இன்று சுங்கம் என வழங்கும் இறையைப் பண்டைத் தமிழர் உல்கு என்றனர். அரசனுக்குரிய பொருள்களை எண்ணுமிடத்து வள்ளுவர் உறுபொருளோடு உல்குபொருளையும் சேர்த்து ஓதினார். கலத்தினாலும் வண்டியினாலும் வரும் பண்டங்களுக்குரிய இறையே உல்கு என்பது பரிமேலழகர் உரையாற் பெறப்படும். காவிரிப்பூம்பட்டினத் துறையில் ஏற்றுவனவும் இறக்குவனவுமாகிய பொதிகள்மீது புலிப்பொறி இட்ட சுங்கக் காவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அக்காவலர் நோக்கியது பண்டத்தையே. அதைக் கொணர்ந்தவன் எந்நாட்டுக்குரியவன் என்ற வினாவை அப்பாட்டிற் காண்பதற்கில்லை.

ஈழத்தின் வடகரையில் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு இத்தொடர்பில் நோக்கற்பாலது. அது 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும் என்றும் அவர்க்குக் காவல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. மற்றை வணிகக் கலமாயின் இருபாலார்க்கும் சரிபாதி. படைக்குக் குதிரை தேடிய மன்னனின் தேவை இப்பாகுபாட்டில் மறைந்து நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடலில் யாவும் இழந்து கரையேறியவனுக்கும் அவன் பொருளில் உரிமை உண்டு என்பதைக் கல்லில் எழுதிவைத்தான்.

பிற்காலத்துத் துறைகளுள் தலைமன்னாரின் வரலாறே பெரிதும் ஆராயத்தக்கது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. மதவாச்சியிற் பிரிந்து செட்டிகுளக் காட்டை ஊடறுத்துச் சென்ற புகையிரதம் பயணிகளை இறங்குதுறைவரை கொண்டுசேர்த்தது. கடலின் அகலம் ஏறக்குறைய 22 மைலே. சிதம்பரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் சென்ற யாத்திரிகர், சென்னையிலும் அண்ணாமலை நகரிலும் கற்ற மாணவர், வணிகர் ஆகியோர் இவ்வழியே வீடு திரும்பினர். கூறைச்சேலையும் நூலும் நிறைந்த பெட்டிகள் அத்துறையிலே திறக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டமே அதிகாரிகளுக்கு ஆதாரமாயிருந்தது. தாம் அணிவதற்குக் கொணர்ந்தது எது, விற்பதற்குக் கொணர்ந்தது எது என்பதே வழக்கமான பிணக்கு. பிற்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது இப்பிணக்கும் மிகுந்தது; கள்ளத்தோணிகளின் ஊதியமும் மிகுந்தது.

தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே மண்டபத்தில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமொன்றை நடத்திற்று. அங்கே மூட்டைக்கு முன் உடல் சோதிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இன்னொரு சோதனையைச் சேர்த்தன. ஊருக்குச் சென்று மீண்ட தொழிலாளி, தான் திரும்புவது தன் வீட்டுக்கே என்பதைத் தாளினால் நிறுவவேண்டியவனானான்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இரண்டு மாதங்கூட நிறையுமுன், 1964 டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே தலைமன்னாரில் ஏறியோர் பின்னர் இராமேசுவரத்திலே இறங்கலாயினர். அவர்களை ஏற்றிய கப்பலின் பெயர் இராமானுஜம்.

ஆவணங்கள் இவர்களைத் தாயகம் திரும்புவோர் என்றன. இவர்களுட் பலர் மலைநாட்டிற் பிறந்து, இந்தியாவை அதுவரை கண்டறியாதோர். சேமலாப நிதி, பணிக்கொடை முதலிய தம் சொத்துகளை இவர்கள் கொண்டுசெல்லலாம் என உடன்படிக்கை இசைந்தது; ஒரு குடும்பத்துக்குரிய உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்றும் உறுதி கூறிற்று. மூன்று தலைமுறை உழைப்பின் எல்லையை இவ்வாறு வரையறுத்த பிரிவையும் நயினாதீவுக் கல்வெட்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். முன்னையது கலம் உடைந்தவனுக்கு எவ்வளவு மீளும் என்று கணக்கிட்டது. பின்னையது, கலம் ஏறுபவன் எவ்வளவுக்கு மேல் கொண்டுசெல்லலாகாது என்று கணக்கிட்டது.

கப்பலேறாதோரும் உளர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வன்னியை நாடின. காடு வெட்டி, கிணறு தோண்டி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் குடியமர்ந்தன. பரந்தன்-முல்லைத்தீவு வீதியிலுள்ள தருமபுரம், விசுவமடுப் பகுதிகளில் இவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். உடன்பிறந்தாருள் ஒருவர் தமிழ்நாட்டிலும் மற்றவர் வன்னியிலுமாகப் பிரிந்த குடும்பங்களும் இவற்றுள் உண்டு.

தலைமன்னார்க் கப்பற் சேவை 1980களிற் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசந்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. இடையில் நின்று, 2024இல் மீண்டும் ஓடிற்று. கடவுச்சீட்டுடைய விசுவமடுவார் இவ்வழியே உறவினரைக் கண்டு, காங்கேசந்துறைச் சுங்கத்திலே பெட்டியைத் திறந்துகாட்டி, வீடு திரும்பலாம். அவ்வுறவினர் தலைமன்னாரில் ஏறிய கப்பலோ அவர்களை மீட்டுக் கொணர்வதற்கு வந்ததன்று.