அக்கினி வெயிலும் ஆடிக் காற்றும்: மதுரையில் நின்று பார்த்த குட்டி விமானங்கள்

மதுரைக்குத் தெற்கே பெருங்குடியைத் தாண்டும்போது இப்போது பெரிய பெரிய விமானங்கள்தான் தலைக்கு மேலே போகின்றன. 1942-ல், உலகப் போர் சமயத்தில், பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் அது.

நம்ம விமான வரலாறு பெரும்பாலும் யார், எப்போது, எங்கிருந்து எங்கே என்பதோடு முடிந்துவிடும். ஓட்டினவர் கைக்கும் காலுக்கும் அந்த வண்டி எப்படி இருந்தது? நான் விமானி இல்லை. ஆனால் எடை, இறக்கைப் பரப்பு, இன்ஜின் சக்தி மூணும் தெரிந்தால் பாதிக் கதை கிடைத்துவிடும். மீதியை நம்ம ஊர் வெயிலும் காற்றும் சொல்லும்.

முதலில் வெயில். மதுரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 140 மீட்டர்தான். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்றைக்கு விமானத்துக்கு ஊர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற மாதிரி. நிற்பது மதுரையில், இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது பெங்களூரு. ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும், மெதுவாகத்தான் ஏற முடியும்.

1930-ல் தொடங்கிய மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் காலத்து 'மாத்' குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பிற்பாடு பயிற்சிக்குப் பேர்போனது டைகர் மாத். 130 குதிரைசக்தி, இரட்டை இறக்கை, திறந்த இருக்கை. பிரேக் கிடையாது. தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கி இருப்பதால் நேர் எதிரே எதுவும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் ஓட்டிப் போகணும். பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் வலப்பக்கம் இழுக்கும். அதைக் காலால் மிதித்துச் சரிசெய்யணும். கை சொல்வதைக் கால் கேட்காவிட்டால் திருப்பம் அசிங்கமாக வரும். ஆனாலும் பெரிய தப்பைப் பெரும்பாலும் மன்னித்துவிடும் வண்டி அது.

அடுத்து நம்ம புஷ்பக். ஹெச்.ஏ.எல். தயாரிப்பு, முதலில் பறந்தது 1958-ல். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, மேல் இறக்கை, 90 குதிரைசக்தி. ஆசிரியர் குழாய் வழியாகக் கத்த வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துத் திட்டலாம்! வால் சக்கர வண்டி என்பதால் இறங்கிய பிறகும் வேலை முடியாது. ஆடிக் காற்று குறுக்கே அடித்தால் வால் முந்தப் பார்க்கும், வண்டி தட்டாமாலை சுற்றிவிடும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதும், ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருவதும் இங்கே பெரிய ஆறுதல்.

செஸ்னா 152 வந்ததும் மூக்குக்குக் கீழே சக்கரம் வந்தது. வண்டி தானாகவே நேராக ஓடப் பார்க்கும், எதிரே பாதையும் தெரியும். கால் வேலை பாதி குறைந்தது. பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா (1993) ஃபைபர் உடல், கீழ் இறக்கை. ஹன்சா-3-ல் டர்போ வைத்த ரோட்டாக்ஸ் இன்ஜின் இருப்பதால் வெயிலில் சக்தி அவ்வளவாக விழாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் எடை டைகர் மாத்துக்கு சுமார் 37 கிலோ, செஸ்னாவுக்கு 51, ஹன்சாவுக்கு 60. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மதியத்தில் காய்ந்து காற்றை மேலே தள்ளும். பக்கத்திலேயே தண்ணீர் நிற்கிற கண்மாய் வந்தால் வண்டி தொம்மென்று இறங்கும். இதில் டைகர் மாத் சருகு மாதிரி ஆடும். ஹன்சாவுக்குக் குலுக்கல் கொஞ்சம் குறைவு.

அப்படியானால் பழசுதான் நல்ல பள்ளிக்கூடமா? அந்த முடிவுக்கு நான் போக மாட்டேன். காரணம் பஸ் மாத். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது அதில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராசுக்குக் கொண்டுபோனார். மூடிய அறை, அந்தக் காலத்துக்குச் சொகுசு. ஆனால் அதே வகை விமானங்கள் சில, கொந்தளிப்பான காற்றில் இறக்கை ஒடிந்து விழுந்திருக்கின்றன. தபால் வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. 1933 ஜனவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற விமானி பெர்ட் ஹிங்க்லர் பஸ் மாத் ஒன்றில் இத்தாலி மலையில் விழுந்து இறந்தார். இது எந்தக் காலாலும் மிதித்துச் சரிசெய்ய முடியாத கோளாறு. சொகுசாக இருப்பது வேறு, நம்பகமாக இருப்பது வேறு.

டாடா 1982-ல், தன் 78-வது வயதில், அதே கராச்சி–பம்பாய் பாதையில் மறுபடி தனியாகப் பறந்தார். அன்றைக்கு அவர் ஓட்டியது பஸ் மாத் இல்லை. அதற்கு அடுத்து வந்த லெப்பர்ட் மாத். வரலாற்றுக் குறிப்புகளில் இரண்டும் 'மாத்' என்று ஒரே சொல்லில் கடந்து போகும். ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு பெயர் மாற்றத்தில் ஓர் உயிர் அடங்கியிருக்கலாம்.